இடது கண்ணாடி

படகு நகரவில்லை. இருபத்துமூன்று வருஷம் அறுபது எழுபது பேரை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் பஸ் ஓட்டியவன், திரையில் இருக்கிற ஒரு விரல் நீளப் படகை நகர்த்த முடியாமல் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறேன். ஸ்டியரிங் இல்லை, கியர் இல்லை, கிளட்ச் இல்லை. நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விட்டால் நெஞ்சு ஒரே சீராக அடிக்குமாம், நெஞ்சு சீராக அடித்தால் மேலே இருக்கிற கோடு பச்சையாகுமாம், கோடு பச்சையானால் படகு தானாக ஏரியில் போகுமாம். இப்போது கோடு மஞ்சள். இடது கையில் இரண்டு விரலுக்கு வேர்வை பார்க்கிற பட்டை, காது மடலில் துடிப்பு பார்க்கிற கிளிப், வயிற்றைச் சுற்றி மூச்சு பார்க்கிற பெல்ட் என்று கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கிடா மாதிரி கட்டிப் போட்டிருக்கிறார்கள். “பயோஃபீட்பேக்குன்னா பயப்பட ஒண்ணுமில்ல சார்,” என்று முதல் நாளே சொன்னாள் ஜெனிட்டா, இந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண், என் மகள் வயசுதான் இருக்கும். “உங்க உடம்பு உள்ளுக்குள்ள என்ன செய்யுதுன்னு மெஷின் உங்களுக்குக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து நீங்க உடம்புக்குச் சொல்லிக் குடுக்கணும்.” ஐம்பத்தோரு வயசில் உடம்புக்குப் பள்ளிக்கூடம். டிப்போவில் இதற்குக் கரண்டு வைத்தியம் என்று பேர் வைத்துவிட்டார்கள். என்ன பேர் வைத்தால் என்ன, வியாழக்கிழமை மெடிக்கல் போர்டு முன்னால் நான் நிற்கும்போது கையில் ஒரு காகிதம் வேண்டும். தொடர்ந்து பத்து நிமிஷம் பச்சையில் இருந்தான் கோமதிநாயகம், இவன் நரம்பு நிதானத்துக்கு வந்துவிட்டது, இவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கலாம் என்று அதில் இருக்க வேண்டும். இது ஒன்பதாவது தடவை. இதுவரை எனக்கு வாய்த்தது அதிகபட்சம் நாலு நிமிஷம். இன்றைக்கு விட்டால் வியாழனுக்குள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் வர முடியும், அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகிற வரைக்கும் டிப்போ கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வண்டி வருகிற வண்டிக்கு நேரம் எழுத வேண்டியதுதான். நாலு எண்ணி இழு. ஆறு எண்ணி விடு.

இழுக்கிறேன், விடுகிறேன். மஞ்சள். ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து வேறொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “உடம்புக்குள்ளேயும் ஆக்ஸிலேட்டர், பிரேக் ரெண்டும் இருக்கு சார். உங்களுக்கு ஆக்ஸிலேட்டர் அழுந்தினபடியே நின்னு போச்சு, பிரேக் பிடிக்கப் பழக்கப்போறோம், அவ்வளவுதான்,” என்று சொன்னாளே, அது எனக்காகச் சொன்னது. தையல்காரன் வந்தால் ஊசி நூல் என்பாள், வாத்தியார் வந்தால் சாக்பீஸ் என்பாள். கெட்டிக்காரி. ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. டிப்போவுக்குள்ளேயே மூன்று தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தேன். வெறும் வண்டி, எஞ்சின்கூடப் போடவில்லை. சீட்டில் முதுகு பட்டதும் உள்ளங்கையில் தண்ணீர் ஊறியது, ஸ்டியரிங் வழுக்கியது, வலது கால் தன்பாட்டுக்கு வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. என் கால்தான், நான்தான் செருப்பு வாங்கிப் போட்டேன், ஆனால் யார் வீட்டுக் காலோ மாதிரி ஆடுகிறது. மெக்கானிக் ஒருத்தன் கீழே நின்று பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டான் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. வீட்டில் என் பெண்டாட்டி செண்பகம் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கும்போதே கேட்கிறாள், “இன்னைக்காவது பச்ச வந்திச்சா?” காய்கறிக் கடைக்குப் போனவனிடம் கத்தரிக்காய் வந்ததா என்று கேட்கிற மாதிரி. அவள் மேல் தப்பில்லை. எட்டு மாசமாக வீட்டுக்குள் ஒரு ஆள் பேசாமல் நடந்துகொண்டிருந்தால் வேறு எதைத்தான் கேட்பாள். இதோ, செண்பகத்தை நினைத்ததும் கோடு இன்னும் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்கிறது. பாவம், அவளுக்கு இது தெரியக்கூடாது.

“சார், ரொம்ப முயற்சி பண்றீங்க. முயற்சியே வேண்டாம். நிம்மதியா இருந்த ஒரு இடத்தை நினைச்சுக்கோங்க,” என்கிறாள் ஜெனிட்டா. நிம்மதியான இடம். பாபநாசத்தில் ஆற்றில் இறங்கி நிற்கிறேன். முழங்கால் வரைக்கும் தண்ணீர், மீன் வந்து காலைக் கடிக்கிறது, எதிரே கோயில் கோபுரம். நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை தடவை நின்றிருக்கிறேன், பாபநாசம் போய்ச் சேர்ந்தால் திரும்பக் கிளம்ப இருபது நிமிஷம் கிடைக்கும், பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிடுவோம். இறங்கிவிடுவோம். பார்த்தீர்களா, ‘வோம்’ வந்துவிட்டது. ஆற்றில் நான் தனியாக நின்ற நாளே கிடையாது. பக்கத்தில் அவன் நிற்கிறான், தோளில் பணப்பை, வாயில் விசில், மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு, “அண்ணாச்சி, இந்த மீனுக்கெல்லாம் டிக்கெட் போட்டா நம்ம கலெக்சன் எங்கயோ போயிரும்” என்கிறான். சிவப்பு. பளிச்சென்று சிவப்பு. படகு நின்று நுனி கீழே சரிகிறது. போ, அந்த இடமும் போயிற்று. ஒவ்வொரு இடத்திலும் அவன் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறான். குற்றால மலையா, அங்கே வேன் பிடித்துக்கொண்டு போனது அவன் குடும்பமும் எங்கள் குடும்பமும். மகள் கல்யாணமா, பந்தியில் இலை போட்டு ஓடியாடியவன் அவன். பதினோரு வருஷம் ஒருத்தனோடு ஒரே வண்டியில் போய்விட்டால் மனுஷனுக்குத் தனியாக ஒரு இடமும் மிச்சமிருக்காது போலிருக்கிறது. பின் வீட்டில் குக்கர் ஒரு விசில் விடுகிறது, என் வலது கால் கயிற்றுக்குக் கட்டுப்படாத ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளுகிறது. ஜெனிட்டா எழுந்து அந்தப் பக்கத்து ஜன்னலை மூடுகிறாள். பரவாயில்லை அம்மா, நீ எத்தனை ஜன்னலை மூடுவாய். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உச்சிமாகாளி. பேரைச் சொல்லிவிட்டேன். எட்டு மாசமாக வீட்டில் ‘அவன்’ தான், ‘அந்த ஆள்’ தான். என் கண்டக்டர். என்னைவிட நாலு வயசு இளையவன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ, இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது, மாகாளியின் இரண்டாவது விசில் முடிவதற்குள் என் கால் கிளட்சை விட்டிருக்கும் என்பது. கைக்குழந்தைக்காரி ஏறினால் அவன் விசில் கொஞ்சம் தாமதிக்கும். கிழவர் ஏறினால் அவர் கம்பியைப் பிடிக்கிற வரைக்கும் வாயிலேயே இருக்கும். இதெல்லாம் நான் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டது. படிக்கட்டைக் காட்டுகிற இடது பக்கக் கண்ணாடியை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். புதுசாக வந்த டிரைவர் பயல்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் திருப்பி வைக்கும்போது நான் சிரிப்பேன். “மாகாளி இருக்கும்போது எனக்கு எதுக்குல இடது கண்ணாடி,” என்பேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், யூனியன் ஆபீசில் சொல்லியிருக்கிறேன், மேனேஜர் முன்னாலேயே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். பெருமைக்குத்தான் சொன்னேன். ஒருத்தனை இந்த அளவுக்கு நம்புகிறேன் என்று சொல்வதில் ஒரு திமிர் இருக்கிறது, அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் டிப்போவில் வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்று கேலி செய்வார்கள். என் அம்மா செத்த சேதி வந்த அன்றைக்கு நாங்கள் சேரன்மகாதேவி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். என் போனை வழக்கம்போல அவன்தான் வைத்திருந்தான். போனில் சேதியைக் கேட்டவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிக்கெட் கொடுத்தான், சில்லறை கொடுத்தான், இரண்டு விசில் கொடுத்தான், பாபநாசத்தில் கடைசி ஆள் இறங்கினதும் முன்னால் வந்து என் தோளில் கையை வைத்து, “அண்ணாச்சி, எஞ்சினை நிப்பாட்டுங்க” என்றான். வண்டியில் அறுபது பேர் இருந்தார்கள், நான் பதறக்கூடாது என்று மறைத்தான். அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முகம் மாறாமல் முக்கால் மணி நேரம் மறைக்கத் தெரிந்தவன் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கே புரிந்தது.

வீரவநல்லூர். மத்தியானம் ரெண்டே கால். ஆவுடையம்மாள் என்று ஒரு பொம்பளை, நாற்பது வயசிருக்கும், சுற்றின பீடியைக் கம்பெனிக் கடையில் போடுவதற்காகப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரைக்கு மேலே. இரண்டு விசில் வந்தது. நான் எடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு சத்தம், பிறகு பின் சக்கரம் எதிலோ ஏறி இறங்கின மாதிரி ஒரு சின்னத் தூக்கல், ஸ்பீடு பிரேக்கரில்கூட இதைவிடப் பெரிதாகத் தூக்கும். இடது பாதம். உயிர் பிழைத்துவிட்டாள், பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன், என்னமோ காய்ச்சலில் கிடக்கிறவளைப் பார்க்கப் போகிற மாதிரி. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “என்னயப் பாக்கலியாண்ணே?” என்று மட்டும் கேட்டாள். பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கு முன்னால், விபத்து நடந்த அன்றைக்கு, போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சில் நானும் மாகாளியும் உட்கார்ந்திருந்தோம். அவன் கை என் கைக்குள் இருந்தது. “அண்ணாச்சி, நான்தான் பாக்காமக் குடுத்துட்டேன். டிக்கெட் கணக்க இன்வாய்ஸ்ல எழுதிக்கிட்டே குடுத்துட்டேன். நீங்க கவலப்படாதிய, எது வந்தாலும் நான் சொல்லுதேன்,” என்றான். “சேந்து பாப்போம்ல,” என்றேன் நான். எத்தனை பெரிய மனசு எனக்கு. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம்கூட வீட்டுக்கு வந்தான். செண்பகம் சொதி வைத்திருந்தாள். இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டான். கை கழுவும்போது, “அக்கா, அண்ணாச்சிய நல்லாத் தூங்கச் சொல்லுங்க” என்றுவிட்டுப் போனான். நானும் நல்லாத் தூங்கினேன்.

மறுநாள் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். மாகாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நான் ரெண்டு விசில் குடுக்கல சார். ஆளு இறங்கிக்கிட்டு இருக்கும்போது எப்பிடிக் குடுப்பேன். அண்ணாச்சி தானா எடுத்துட்டாவ.” முதலில் அவன் வேறு ஏதோ ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்ப்பான், கண்ணைக் காட்டுவான், ஏதோ கணக்கு வைத்திருக்கிறான் என்று அப்போதும் காத்துக்கொண்டிருந்தேன், வெட்கம்கெட்டவன். அதிகாரி என்னைக் கேட்டார், இடது கண்ணாடியைப் பார்த்தீரா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான், “அண்ணாச்சி எப்பவுமே இடது கண்ணாடி பாக்க மாட்டாவ சார். அவுகளே எல்லார்கிட்டயும் சொல்லுவாவ. மேனேஜர் சாருக்கே தெரியும்.” மேனேஜர் தலையை ஆட்டினார். ஆமாம், தெரியும். எல்லாருக்கும் தெரியும். அவன் பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், செக்கிங் இன்ஸ்பெக்டர் பிரமோஷன் லிஸ்ட்டில் அவன் பேர் இருந்தது, பயந்துவிட்டான், பயந்த மனுஷன் என்ன வேண்டுமானாலும் சொல்வான். ஆனால் அந்த உண்மையைச் சொன்னான் பாருங்கள். நான் அவனை நம்பினதையே எடுத்து எனக்கு எதிராக வைத்தான். நம்பிக் கிணற்றில் இறங்கினவனுடைய கயிற்றை அறுத்தான் என்பார்கள். இவன் அறுக்கக்கூட இல்லை. நானே பெருமையாகச் சுற்றிக்கொண்ட கயிறு, அதன் நுனியைக் கொண்டுபோய் அதிகாரி கையில் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். தப்பு என் மேல் என்று எழுதி என்னைக் கேட்டில் உட்கார வைத்தார்கள், நடுக்கம் நின்றால்தான் மறுபடி ஸ்டியரிங் என்றார்கள். அவன் இப்போது ஒரு சின்னப் பையன் டிரைவரோடு அதே வண்டியில் போகிறான். காலை ஐந்தே முக்காலுக்குக் கேட்டைத் தாண்டும்போது நான் நோட்டில் எழுத வேண்டும், வண்டி எண், நேரம், ஓட்டுநர் பேர், நடத்துனர் பேர். உச்சிமாகாளி என்று தினமும் என் கையாலேயே எழுதுகிறேன். ஒரு நாள்கூட அவன் என் பக்கம் திரும்பினதில்லை.

“சார், சிவப்புலயே நிக்குது. கண்ணைத் திறங்க. ஏதாவது மனசுக்கு வருதா?” ஒன்றும் இல்லையம்மா. தண்ணீர் கொடுக்கிறாள். குடிக்கிறேன். திரை மூலையில் இன்னும் பதின்மூன்று நிமிஷம் என்று இருக்கிறது. பச்சை என்று எழுதின இடத்தில் சைபர். பதின்மூன்றில் பத்து, நடக்கிற காரியமா. கீழே ரோட்டில் பஸ் ஸ்டாப்பில் ஏதோ வண்டி வந்து நிற்கிறது, பிரேக் சத்தத்திலேயே தெரிகிறது பழைய வண்டி, காற்று குறைவு. யாரோ கத்துகிறார்கள், யாரோ ஏறுகிறார்கள். மூடின ஜன்னலைத் தாண்டி இரண்டு விசில். போச்சு, கால் துள்ளப் போகிறது என்று தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். கால் துள்ளவில்லை. இடது கால் மெதுவாக, கிளட்ச் விடுகிற மாதிரி மெதுவாக மேலே வருகிறது. கோடு மஞ்சள், இளம்பச்சை, பச்சை. படகு நகர்கிறது. “அப்படித்தான் சார், அப்படித்தான், விடாதீங்க,” என்கிறாள் ஜெனிட்டா. நான் என்னத்தைப் பிடித்தேன், விடாமல் இருப்பதற்கு. மெஷின் பழுது. கட்டாயம் பழுது. சோதித்துப் பார்க்கிறேன். ஆறு, மீன், கோபுரம் என்று நினைக்கிறேன், மஞ்சள். பிள்ளையார், மஞ்சள். மகள் கைக்குழந்தையோடு சிரிக்கிறாள், மஞ்சள், கொஞ்சம் பச்சை, மறுபடி மஞ்சள். விசாரணையில் கைகட்டி நின்ற அவன் முகத்தை நினைக்கிறேன், சிவப்பு. சரி. அந்த முகம் வேண்டாம், முகமே வேண்டாம், முதுகுக்குப் பின்னால் அவன் நிற்கிறான், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவன் இரண்டு விசில் கொடுக்கிறான். பச்சை. முகம், சிவப்பு. விசில், பச்சை. இரண்டு தடவை, மூன்று தடவை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது நான்தான்.

சீ. என்ன உடம்பு இது. சோறு போட்டு வளர்த்தது நான், இது வாலாட்டுவது அவனுக்கு. இந்த எட்டு மாசம் இது தூங்கவில்லை, சாப்பிடவில்லை, என்னை ஊர் முன்னால் நடுங்க வைத்து மானத்தை வாங்கியது, எல்லாம் அவன் செய்த துரோகத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அவன் விசில் இல்லாமல் இதற்கு ஓடத் தெரியவில்லையாம். நடந்தது எதுவும் இதன் காதில் விழவில்லையா? விசாரணை அறையில் இதுவும் என்னோடுதானே உட்கார்ந்திருந்தது? ஆத்திரமாக வருகிறது, அழுகையாகவும் வருகிறது, இரண்டும் வந்தால் கோடு சிவப்பாகும், ஆகிறது. பதினோரு நிமிஷம் என்கிறது திரை. பதினோரு நிமிஷத்துக்குள் முடிவு செய் கோமதிநாயகம். கேட்டில் ஏழு ஏழரை வருஷம் உட்கார்ந்து அவன் பேரை எழுதப் போகிறாயா, இல்லை பத்தே பத்து நிமிஷம் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகப் போகிறாயா? அவன் என்னை வைத்துத் தன் பதவியைக் காப்பாற்றிக்கொண்டான். நான் அவனை வைத்து என் சீட்டைப் பிடித்தால் என்ன கெட்டுப்போயிற்று. கண்ணை மூடுகிறேன். நாலு எண்ணி இழுக்கிறேன். ஏறுல மாகாளி.

ஜங்ஷனில் இருந்து எடுக்கிறேன், முதல் நடை, இன்னும் வெளுக்கவில்லை. வண்டியில் பால்காரர் இரண்டு பேர், டியூட்டி முடிந்து போகிற ஒரு நர்ஸ், பூக்கூடையோடு ஒரு ஆச்சி. பின்னால் அவன் டிக்கெட் கிழிக்கிற சத்தம். டிக்கெட் மெஷின் வந்த பிறகும் கிழிக்கும்போது ஒரு சுண்டு சுண்டுவான். இரண்டு விசில். பேட்டையில் நிறுத்தினால் டீ வரும், டம்ளரைச் சூடு தாங்கத் துண்டில் சுற்றி என் தோள் பக்கமாக நீட்டுவான், “அண்ணாச்சி, சீனி கம்மி” என்பான், எனக்குச் சர்க்கரை வந்ததை என் பெண்டாட்டிக்கு முன்னால் கண்டுபிடித்தவன். இரண்டு விசில். சுத்தமல்லி விலக்கில் ஒருத்தரும் இல்லை, ஆனாலும் ஒரு நொடி நிற்போம், ஓடி வருகிற ஆள் யாராவது இருக்குமே என்று அவன் எட்டிப் பார்ப்பான். இரண்டு விசில். வெளியே எங்கோ ஜெனிட்டா நாற்காலியை மெல்ல இழுக்கிறாள். “அஞ்சு நிமிஷம் ஆயிட்டு சார்,” என்கிறாள் காதுக்குப் பக்கத்தில், குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி. அஞ்சு நிமிஷம். இதுவரை வந்ததே இல்லை. கை காய்ந்திருக்கிறது. வயிறு பெல்ட்டை நிதானமாகத் தள்ளுகிறது, விடுகிறது. பத்தமடை தாண்டிக் கால்வாய்க் கரையில் வயல் காற்று முகத்தில் அடிக்கிறது, கியரை மாற்றுகிறேன், இடுப்புக்குக் கீழே வண்டியும் நானும் ஒன்றாக உறுமுகிறோம். அய்யோ, எத்தனை நாளாயிற்று. இதைத்தானே கேட்டேன். சேரன்மகாதேவியில் கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதல” என்று அவன் குரல், ஒருத்தன் விழாமல் அத்தனை பேரையும் ஏற்றிவிட்டு அதற்குப் பிறகுதான் இரண்டு விசில். அவன் அப்படித்தான் இருந்தான். பதினோரு வருஷம் அப்படித்தான் இருந்தான், அது பொய்யில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. “எட்டு நிமிஷம்.” செண்பகம் கதவைத் திறக்கும்போது நான் முந்திக்கொண்டு சொல்வேன், வந்திச்சு என்று.

வீரவநல்லூர். நான் வரவழைக்கவில்லை, ரோடு அப்படித்தான் போகிறது, சேரன்மகாதேவிக்கு அடுத்தது வீரவநல்லூர்தான். வேப்பமரம், பீடிக்கடை போர்டு. ஒரு விசில். நிறுத்துகிறேன். எஞ்சின் தடதடக்கிறது. பின்னால் ஆள்கள் இறங்குகிற சத்தம். “ஒன்பது நிமிஷம் சார், ஒண்ணே ஒண்ணுதான்.” வெளிச்சம் மத்தியான வெளிச்சமாக மாறிவிட்டது, முதல் நடையில் கிளம்பினேன், எப்படி ரெண்டே கால் ஆயிற்று. இரண்டு விசில். அதே விசில். அன்றைக்குக் கேட்டதற்கும் இதற்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை, இடது கால் கிளட்சில் இருந்து மேலே வருகிறது, உடம்பு முழுக்கச் சுகமாக, சந்தேகமே இல்லாமல், பச்சையாக இருக்கிறது. விட்டுவிடு. இது நினைப்புதான். இங்கே ரோடும் கிடையாது, சக்கரமும் கிடையாது, யாருடைய காலும் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு நிமிஷம் அவனை நம்பினால் வியாழக்கிழமை சீட்டு உனக்கு. உடம்பு இத்தனை நிம்மதியாக இருக்கிறதே. அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் காலில் ஏறின அந்த நொடியில் இந்த மெஷினை எனக்கு மாட்டியிருந்தால் நல்ல பச்சை காட்டியிருக்கும், படகு நேராகப் போயிருக்கும், இந்த டிரைவர் நிதானமானவன் என்று ஜெனிட்டாவும் எழுதிக் கொடுத்திருப்பாள். காலை மறுபடி அழுத்துகிறேன். கழுத்தைத் திருப்புகிறேன். வலிக்கிறது, அந்தப் பக்கம் பழக்கமில்லை. இடது கண்ணாடியில் தூசி. தூசிக்குள் படி, படியில் ஒரு கால், தரைக்கு மேலே ஒரு கால், மார்போடு அணைத்த பீடிப் பை. அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கிறாள். பாத்துட்டேன் தாயி. நிதானமா இறங்கு.

டொய்ங் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறக்கிறேன். கோடு ரத்தச் சிவப்பு. படகு ஏரி நடுவில் சரிந்து நிற்கிறது. வலது கால் தரை அதிர ஆடிக்கொண்டிருக்கிறது, முகமெல்லாம் ஈரம், வேர்வையா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை.

“ஐயோ சார்!” ஜெனிட்டாவுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. “ஒன்பது நிமிஷம் பதினஞ்சு செகண்ட். அவ்வளவு அழகாப் போயிட்டு இருந்துச்சு. கடைசில என்ன ஆச்சு?”

“இடது பக்கம் பாத்துட்டேம்மா.”

அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஒரு காலண்டரும் ஏசி ரிமோட்டும் மாட்டியிருந்தன. ஒன்றும் புரியாமல் என் காதில் இருந்து கிளிப்பை எடுத்தாள், விரல் பட்டையைப் பிரித்தாள்.

“பரவால்ல சார். புதன்கிழமை ஒரு தடவை வாங்க. இன்னைக்கு எதை நினைச்சீங்களோ அதையே நினைங்க, உங்களுக்கு அது நல்லாக் கை கொடுக்குது. அந்தப் பக்கம் மட்டும் பார்க்காதீங்க. கண்டிப்பாப் பத்து நிமிஷம் வந்துரும்.”

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தேன், அதற்குத்தான் சிவப்பு. பெல்ட்டை நானே கழற்றி மேஜையில் வைத்தேன்.

“இனிமே பாக்காம எடுக்க மாட்டேம்மா,” என்றேன். “நீங்க ஒன்பதுன்னே எழுதிக் குடுங்க.”